இரண்டு பூட்டுப் போட்ட தண்ணீர்

வரக்காப்பொலயில் இப்போது நாங்கள் இருக்கும் வீட்டில் குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. அது எந்த மலையிலிருந்து வருகிறது, யார் காணி வழியாக வருகிறது என்று எனக்குத் தெரியாது. மாதம் பிறந்தால் பில் வரும், கட்டுகிறோம். பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டையும் இல்லை, சேர்க்கையும் இல்லை. வசதிதான், யார் இல்லையென்றது? ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு எங்காவது ஏற வேண்டும் போலிருக்கும். இங்கே ஏறுவதற்கு மாடிப்படி மட்டும்தான் இருக்கிறது. ஏறினால் மேலே துணி காயப்போடும் கொடி.

நான் ஏங்குவது மலைக்காகவும் இல்லை, தண்ணீருக்காகவும் இல்லை. ஒரு மனுஷிக்காக. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான் நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. வீட்டுக்காரருக்கு ஃபெக்டரியில். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளை லயம் என்போம். அதற்குக் கீழே ஒரு பீலி இருந்தது. மலையிலிருந்து வரும் தண்ணீரை ஒரு தகரத்தில் வாங்கி விழவிட்டிருப்போமே, அதுதான். மழைக்காலத்தில் அதன் கீழ் நின்றால் முதுகு வலிக்கும். மாசி பங்குனியில் நூலாய் வடியும். அதன் அடியில் குடங்கள் வரிசையில் நிற்கும், குடங்களுக்குப் பின்னால் நாங்கள் நின்று ஒருவர் குடியை ஒருவர் கெடுப்போம்.

ஓடைக்கு அந்தப் பக்கம் சிங்களக் கிராமம். அவர்களை நாங்கள் நாட்டு ஆட்கள் என்போம், எங்களை அவர்கள் தோட்டத்து ஆட்கள் என்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் மேலே, காட்டுக்குள், ஊற்று ஒன்றுதான். அதிலிருந்து நாங்கள் இழுத்த ரப்பர் பைப்பை அவர்கள் வெட்டினார்கள். அவர்கள் இழுத்ததை நாங்கள் வெட்டினோம். யார் வெட்டியது என்று கேட்டால் இரண்டு பக்கமும் மாட்டின் மேல் பழியைப் போட்டோம். அந்த மலையில் கத்தி பிடிக்கத் தெரிந்த மாடுகள் நிறைய இருந்தன.

தொண்ணூறுகளின் கடைசியில் தண்ணீர்த் திட்டம் ஒன்று வந்தது. அதைக் கொண்டு வந்த அதிகாரி வடக்கத்தித் தமிழர். அவர் தமிழ் எங்களுக்கு விளங்கியது, எங்கள் தமிழுக்கு அவர் சிரித்தார். ஆனால் மனுஷர் ஒரு சொல்லில் நின்றார். "ரெண்டு பகுதியும் ஒரு சங்கமா வந்தால் பைப்பும் சீமெந்தும் தருவம். தனித்தனியா வந்தால் ஒண்டும் இல்லை. யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? தண்ணீர் வேண்டுமே.

முதல் கூட்டம் கிராமத்துப் பொது மண்டபத்தில். பள்ளிக்கூடத்தில் சிங்களமும் படித்தவள் என்று என்னை மொழிபெயர்க்க நிறுத்திவிட்டார்கள். இரண்டு பாஷை தெரிந்தவளுக்கு இரண்டு பக்கத்துத் திட்டும் கிடைக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கிராமத்துக்காரர் ஒருவர் எழுந்து, தோட்டத்தவர்களுக்குத் தண்ணீரின் அருமை தெரியாது, கொடுத்தால் அசிங்கம் பண்ணிவிடுவார்கள் என்றார். நான் அதை, "தண்ணிய சுத்தமா வச்சுக்கணும்னு கேட்டுக்கிறாரு" என்று எங்கள் ஆட்களுக்குச் சொன்னேன். எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் அவர்களைத் திருடர்கள் என்றார். அதையும் தேன் தடவித்தான் அந்தப் பக்கம் அனுப்பினேன். அப்போது முன் வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தேன். சாவு வீட்டுக்குக் கைகொடுக்கும் கிராமத்து மரணாதார சங்கத்தின் செயலாளர் அவர், என்னை விடக் கொஞ்சம் மூத்தவர். சின்ன வயதில் அப்பாவோடு கடைவீதியில் கித்துள் கருப்பட்டி விற்றவராம், தமிழ் காதில் விழுந்தால் விளங்கும். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"நங்கி, ரெண்டு பக்கமும் நீ சொன்ன மாதிரி பேசியிருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்றார்.

நங்கி என்றால் தங்கை. நான் அவரை அக்கே என்று கூப்பிட ஆரம்பித்தேன். நாங்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் சிங்களத்தில். இங்கே என் வாய்த் தமிழில்தான் அதை எழுத வருகிறது.

வேலை தொடங்கியதும் ஆட்களின் குணமே மாறிவிட்டது. தேயிலைக்குள் மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டிப் பழகிய எங்கள் ஆண்கள் காடு வழியாகக் குழாய்க்கு வாய்க்கால் வெட்டினார்கள். ஆனால் ஊற்றைத் தோண்டப் போனபோது எங்கள் ஆட்களின் சாமர்த்தியம் செல்லவில்லை. தோண்டத் தோண்டச் சேறு சரிந்தது. கிராமத்து ஆண்கள் மாணிக்கக் குழியில் வேலை செய்தவர்கள். கமுக மரச் சட்டம் கட்டி, அதன் பின்னால் காட்டுச் செடியை அடைத்து, தண்ணீருக்குள்ளேயே சரியாத குழி இறக்கினார்கள். எங்கள் ஆட்கள் கரையில் குந்தியிருந்து பார்த்தார்கள். பிறகு மெதுவாக இறங்கிச் சேறு வாங்கினார்கள். அதற்குப் பிறகு வெற்றிலை கைமாறியது.

ஊற்றில் இலை அடைத்துக்கொண்டே இருந்தது. அதற்கு அக்கேயும் நானும் ஒரு வழி கண்டோம். ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் தொட்டியில் விரித்துக் கழித்துப்போட்ட நைலான் வலையை நான் வீட்டுக்காரரிடம் சொல்லி எடுப்பித்தேன். அக்கே வீட்டிலிருந்து கித்துள் மரத்து நாரைக் கொண்டு வந்தார். நாரைப் பாய் போல் தட்டி, வலைக்குள் வைத்துத் தைத்து, ஊற்றின் வாயில் கட்டினோம். இலையும் நின்றது, சேறும் நின்றது. பிறகு வேறு ஊர்களிலிருந்து வேனில் ஆட்கள் வந்து அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். புதுமை என்றார்கள். வலை என்னுடையது, நார் அவருடையது, யோசனை யாருடையது என்பதில் மட்டும் எங்களுக்குள் கடைசி வரை தகராறு.

ஊற்றுக்குக் கீழே சீமெந்துத் தொட்டி கட்டி, அதிலிருந்து லயத்துக்குக் குழாய் வந்தது. கிராமத்துக்கும் வந்தது. கொஞ்ச வருடங்கள் அது பாட்டுக்கு ஓடியது. அக்கேயும் நானும் மாதக் கூட்டத்தில் பார்ப்போம், சிரிப்போம், அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் வீடு, மாமியார், அடுப்பு.

பிறகு வடக்கில் போர் மறுபடியும் முற்றியது. கொழும்பில் எங்காவது குண்டு வெடித்தால் நாங்கள் பஸ்ஸில் வாய் திறக்க மாட்டோம். அடையாள அட்டை இல்லாமல் கடைவீதிக்கு இறங்க மாட்டோம். கொழும்பில் கடையில் நின்ற என் தம்பியைச் சுற்றிவளைப்பில் பிடித்து, விசாரித்து விட்டார்கள். கிராமத்துப் பையன்கள் நிறையப் பேர் ராணுவத்துக்குப் போயிருந்தார்கள். அக்கேயின் கொழுந்தனும் போயிருந்தான். தமிழர்கள் தண்ணீரில் விஷம் கலக்கப் போகிறார்கள் என்று எங்கிருந்தோ ஒரு பேச்சு கிளம்பி, தேநீர்க்கடை தேநீர்க்கடையாய் உலாவியது.

அந்த நேரம் பார்த்து எங்கள் மாரியம்மன் திருவிழா வந்தது. எங்கள் வழக்கத்தில் ஓடுகிற தண்ணீரின் கரையில்தான் கரகம் பாலிப்பார்கள். அங்கே குடத்தைச் சோடித்து, மஞ்சள் நீர் விட்டு, அம்மனை அழைத்துக் கோயிலுக்குத் தூக்கி வருவார்கள். முன்பெல்லாம் அது பீலிக்கரையில் நடக்கும். குழாய் வந்த பிறகு பீலியைக் கவனிப்பாரில்லை, பாசி பிடித்துக் கிடந்தது. கோயில் தலைவர் யோசித்தார். எல்லா வீட்டுக்கும் போகிற தண்ணீரிலேயே அம்மனை அழைத்தால் எல்லா வீட்டுக்கும் நல்லதுதானே என்று முடிவு செய்தார். விடியற்காலையில் தப்பும் உடுக்குமாய்க் காட்டுக்குள் ஏறி, ஊற்றின் வாயிலேயே கரகம் பாலித்தார்கள். மஞ்சளில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

காலையில் கிராமத்துக் குழாயெல்லாம் தண்ணீர் மஞ்சளாய் வந்தது.

தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்களாம். பானை பானையாய்த் தண்ணீரைக் கொட்டினார்களாம். போலீஸ் ஜீப் வந்து கோயில் தலைவரையும், தப்படித்தவரையும் ஏற்றிக்கொண்டு போனது. நாங்கள் லயத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போது என் கதவைத் தட்டியது அக்கே. தனியாக வந்திருந்தார். கையில் ஒரு போத்தல், அதில் மஞ்சள் தண்ணீர். முகம் வெளுத்திருந்தது.

"நங்கி, இது என்ன?"

"மஞ்சள் அக்கே. கறிக்குப் போடுற மஞ்சள். திருவிழா."

அவர் போத்தலைத் திறந்து முகர்ந்தார். விரலில் தொட்டு உரசிப் பார்த்தார். பிறகு வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதார். "எங்க சின்னவன் காலையில ஒரு கோப்பை குடிச்சிட்டான்" என்றார். நான் அவரைத் தொடக்கூட இல்லை, பயத்தில் நின்றேன். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே போலீசுக்குப் போனார். அவர் சொன்ன பிறகுதான் எங்கள் ஆட்களை விட்டார்கள்.

ஆனால் கூட்டத்தில் யாரும் ஆறவில்லை. தோட்டத்துப் பைப்பைக் கழற்று என்று அந்தப் பக்கம் நின்றார்கள். "சாமி காரியம் செஞ்சோம். குத்தம் ஒண்ணும் செய்யல" என்று எங்கள் கோயில் தலைவர் முறுக்கிக்கொண்டார். ஊற்றைக் கல் கட்டி மூடிவிட வேண்டும், தொட்டிக்கு ஒரு பூட்டுப் போட வேண்டும் என்றார்கள் அவர்கள். பூட்டு உங்கள் கையில் இருந்தால் எங்கள் வால்வை அடைத்துவிடுவீர்கள் என்றார்கள் இவர்கள். அப்போது அக்கே எழுந்தார்.

"ரெண்டு பூட்டுப் போடுவோம். ஒண்ணு எங்களோடது, ஒண்ணு அவங்களோடது. ரெண்டு சாவியும் சேர்ந்து வந்தாத்தான் டேங்கி திறக்கணும். அப்ப யாரும் யாரையும் நம்பத் தேவையில்ல."

என்னைப் பார்க்காமலே சொன்னார். அதை என் வாயாலேயே எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. மற்றவர்கள் சொன்னால் பொறுத்திருப்பேன். என் வாசற்படியில் உட்கார்ந்து அழுதவர் சொன்னதுதான் சுட்டது.

இரண்டு பக்கமும் ஓப்பநாயக்கக் கடைவீதியில் ஒரே கடைக்குப் போய்த்தான் பூட்டு வாங்கினார்கள். அவர்கள் வாங்கியதை விடப் பெரியது வேண்டும் என்று எங்கள் ஆட்கள் கேட்டார்கள். "கோட்டைக் கதவுக்கா போடப் போறீங்க?" என்று கடைக்காரர் சிரித்தாராம். ஊற்றைக் கல் கட்டி மூடி, வலையைத் தொட்டிக்குள் மாற்றினார்கள். தொட்டியின் இரும்பு மூடியில் இரண்டு பூட்டும் தொங்கின. ஞாயிறுதோறும் திறக்க வேண்டும். வலையைக் கழுவ வேண்டும், கிருமி சாக வெள்ளைத் தூள் போட வேண்டும், கோடையில் வால்வைத் திருப்பிவிட வேண்டும். யார் போவது? இந்தப் பக்கத்து ஆண்கள் அந்தப் பக்கத்து ஆண்களோடு காட்டுக்குள் தனியாகப் போகத் தயாராயில்லை. அந்தப் பக்கமும் அப்படியே. மீசையை முறுக்கியவர்கள் எல்லாரும் ஆளையாள் பார்த்தார்கள். கடைசியில், பெண்கள் போகட்டுமே, பெண்களை யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று தீர்மானமாயிற்று. அந்தச் சாவி அக்கேயிடம். இந்தச் சாவி என்னிடம்.

முதல் சில ஞாயிறுகள் நாங்கள் பேசவில்லை. பாதை பிரியும் இடத்தில் சந்திப்போம், அவர் முன்னால், நான் பின்னால். அவர் பூட்டை அவர் திறப்பார், என் பூட்டை நான். வேலையை முடித்து, பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு இறங்குவோம். என் மனதுக்குள் மட்டும் அவரோடு நாள் முழுக்கச் சண்டை நடக்கும்.

ஒரு மழை ஞாயிறில் அவர் சாவி உள்ளே போய் இறுகிக்கொண்டது. திருகினார், இழுத்தார், பல்லைக் கடித்தார். நான் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம்தான் நிற்பது? எரிச்சலாகி, என் கொண்டையை விரலால் வழித்து, எண்ணெயைப் பூட்டின் வாயில் தடவினேன். அன்று தலைக்கு நிறைய எண்ணெய் வைத்திருந்தேன். இன்னும் போதவில்லை. சாவியைப் பிடுங்கிக் கொண்டையிலேயே செருகி எடுத்துக் கொடுத்தேன். பூட்டு திறந்தது. அக்கே என் தலையைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. எனக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் மழையில் தொட்டி மேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

சிரித்து முடிந்ததும் கேட்டேன். "ஏன் அக்கே அப்படிச் சொன்னீங்க? நம்பத் தேவையில்லன்னு?"

"அனே நங்கி, நம்புங்கன்னு சொன்னா அன்னைக்கு யாரு கேட்டிருப்பாங்க? பைப்பைக் கழட்டியிருப்பாங்க."

நான் கொண்டையை மறுபடியும் முடிந்துகொண்டு வலையைக் கழுவ இறங்கினேன்.

அன்றிலிருந்து அந்த ஞாயிறுகள் எனக்குச் சொந்தமாயின. அவர் கருப்பட்டியும் சுடுதண்ணீர்ப் போத்தலில் பிளேன்டீயும் கொண்டு வருவார். நான் ரொட்டியும் சம்பலும். வலையைக் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? நாங்கள் மத்தியானம் வரை கழுவினோம். "அந்த டேங்கியில முதலை ஏதும் வளர்க்கிறீங்களா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். மாமியார் முணுமுணுப்பார், ஆனால் தடுக்க முடியாது. ஊர் தண்ணீர் விஷயம். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு "டேங்கிக்குப் போறேன்" என்றால், அதற்கு மேல் கேள்வி கிடையாது. அக்கே வீட்டிலும் அதே கதைதான்.

கொழுந்தனிடமிருந்து போன் வராத வாரங்களில் அவர் முகம் இருண்டிருக்கும். தம்பியைப் பற்றித் தகவல் இல்லாத வாரங்களில் என் முகமும். கீழே இறங்கினால் இவற்றை யாரிடமும் சொல்ல முடியாது. அவர் பயத்தை எங்கள் லயத்தில் சொன்னால் முகம் சுளிப்பார்கள். என் பயத்தை அவர் கிராமத்தில் சொன்னால் சந்தேகப்படுவார்கள். தொட்டி மேல் உட்கார்ந்து இரண்டையும் சொன்னோம். அம்மாவிடமும் கட்டியவரிடமும் பேசாததை அவரிடம் பேசினேன். திங்கட்கிழமை பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்டும்போதே, அடுத்த ஞாயிறு அக்கேயிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எடுத்து வைக்கத் தொடங்கிவிடுவேன். அந்த நடை என் கையை விட்டுப் போய்விடக் கூடாது என்பதைத் தவிர அந்த வருடங்களில் எனக்காக நான் வேறெதையும் வேண்டிக்கொண்டதில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் போர் முடிந்தது. கிராமத்தில் வெடி போட்டார்கள், கொடி கட்டினார்கள், ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் பால்சோறு கொடுத்தார்கள். கொழுந்தன் உயிரோடு இருக்கிறான் என்று செய்தி வந்திருந்தது. அந்த ஞாயிறு அக்கே வாழையிலையில் ஒரு துண்டு பால்சோறு கொண்டு வந்தார். சண்டை நின்றதில் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் வடக்கே செத்துக் கிடந்தவர்களை நினைத்தபோது வாயில் வைத்தது உள்ளே போகவில்லை. அக்கே அதைப் பார்த்தார்.

"முடியாட்டி வை நங்கி. நானும் வீட்ல சாப்பிடல" என்றார்.

பால்சோற்றை எங்களுக்கு நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். எறும்பு வந்து எடுத்துக்கொண்டு போனது.

அடுத்த கூட்டத்தில் தண்ணீர்ச் சங்கத் தலைவர் எழுந்து பேசினார். நல்ல மனுஷர், நல்ல பேச்சு. இனி நாம் ஒரே ஆட்கள், ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்ட காலம் போயிற்று, தண்ணீருக்கு இரண்டு பூட்டு நமக்கு வெட்கம் என்றார். இரண்டையும் கழற்றிவிட்டு ஒன்று போடலாம், மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் ஓர் இளைஞனைச் சம்பளத்துக்கு வைத்தால் அவனே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வான் என்றார். நான் அதை மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை, தேன் தடவ வேண்டியிருக்கவில்லை. இரண்டு பக்கமும் கைதட்டினார்கள். இந்த மலையில் அப்படியொரு கைதட்டல் கேட்க வேண்டும் என்றுதானே இத்தனை வருடம் பாடுபட்டோம். நானும் தட்டினேன். எதிர் வரிசையில் அக்கேயும் தட்டினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே தட்டினோம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எதற்கு அழுகிறாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போயிருக்கலாமே என்று இப்போது என் மகள் கேட்கிறாள். அவளுக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் போகலாம், சாவுக்குப் போகலாம். ஒரு காரியமும் இல்லாமல், கட்டிய பெண் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை அடுப்பை அணைத்துவிட்டு, ஓடையைத் தாண்டி, இன்னொருத்தியோடு சும்மா உட்கார்ந்து பேசப் போகிறாள் என்றால் எங்கள் லயமும் விடாது, அவர் கிராமமும் விடாது.

பூட்டுக் கழற்றியதற்கு அடுத்த ஞாயிறு, விறகு பார்க்கப் போகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு மேலே ஏறினேன். பாதை பிரியும் இடத்தில் அக்கே நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு வெறும் பை. கீரை பறிக்க வந்தேன் என்றார். அந்தப் பக்கம் கீரை கிடையாது, அது இரண்டு பேருக்கும் தெரியும். மேலே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வலையைக் கழுவிவிட்டு அந்தப் பையன் அதற்குள் இறங்கி வந்துகொண்டிருந்தான். எங்களைப் பார்த்து நிறுத்தினான்.

"எல்லாம் சரி அக்கே. நீங்க ஏன் வந்தீங்க? வீட்ல இருங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று சிரித்துவிட்டுப் போனான். மரியாதையான பையன்.

அதற்குப் பிறகு அங்கே நிற்க ஒரு சாக்கும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றோம். அக்கே குனிந்து, குழாய் போன தடத்தின் மண்ணைச் செருப்பால் தட்டினார்.

"எங்கயாவது ஒரு பைப்பு ஒடைஞ்சா நல்லா இருக்கும், நங்கி" என்றார்.

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. திரும்பி அவர் பாதையில் இறங்கினார், நான் என் பாதையில் இறங்கினேன். அதன் பிறகு வந்த அடைமழைக்கெல்லாம் நான் படுக்கையில் காது கொடுத்துக் கிடந்தேன், எங்காவது மண் சரிந்து குழாய் பிளந்ததா, நாளைக்கு யாராவது வந்து எங்கள் இரண்டு பேரையும் கூப்பிடுவார்களா என்று. நாங்கள் தோட்டத்தை விட்டு வரும் வரைக்கும் ஒன்றும் உடையவில்லை. இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து, அவ்வளவு நன்றாகப் பதித்திருந்தோம்.